சுவாரஸ்யமான இரைப்பை

ஜவஹர் அண்ணாச்சியின் இரைப்பை மிகவும் சுவாரஸ்யமானது என்று பேராசிரியர் ஜெயராம் அறிவித்த அன்று, அண்ணாச்சிக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயது வரைக்கும் அவரிடம் இருந்த எதையும் யாரும் சுவாரஸ்யம் என்று சொன்னதில்லை. ரங்கநாதன் தெருவில் அவர் நடத்திவந்த ‘புஷ்பம் மேட்சிங் சென்டர்’கூட, புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி கிடைக்கும் கடை என்ற அளவில்தான் ஊருக்குத் தெரியும்.

பேராசிரியரின் மையம் அபிராமபுரத்தில், கார்கள் ஹாரன் அடிக்கக் கூச்சப்படும் ஒரு தெருவில் இருந்தது. முழுப் பெயர் ‘அமிர்தகலா இரைப்பை குடல் புற்றுநோய் உயராய்வு மையம்’. அதற்குக் கீழே இயக்குநர் ஜெயராமின் பெயர். பெயருக்குப் பின்னால் பட்டங்கள். பட்டங்கள் பலகையில் இடம் போதாமல் மடங்கி, வாட்ச்மேன் அறையின் சுவர்மேல் தொடர்ந்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு உடன்குடியிலிருந்து மாம்பலத்துக்கு ரயிலேறிய அண்ணாச்சி, அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

காலை ரவுண்ட்ஸ் அங்கே ஒரு சாமி புறப்பாடு. முதலில் காமிராக்காரர் பின்புறமாக நடந்து வருவார். பிறகு பேராசிரியர். அவர் பின்னால் இணைப் பேராசிரியர்கள், உதவிப் பேராசிரியர்கள், கடைசியில் நோயாளிகளின் பெயர் தெரிந்த ஒரே ஆளான டாக்டர் மஹதி. மயிலாப்பூர்ப் பெண். மேற்பயிற்சிக்காகச் சேர்ந்திருந்தாள். பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் வரும் என்பதால், அவர் தும்மினால்கூடக் குறித்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தாள்.

பேராசிரியர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ப்யூட்டிஃபுல்!” என்றார்.

பக்கத்தில் நின்ற தங்கபுஷ்பம் கணவர் காதருகே குனிந்தாள். “என்னத்தப் பாத்து அழகுங்காரு?”

“கட்டியத்தான்.”

“பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா என்னப் பாத்துக்கூட இப்படிச் சொல்லலியே.”

பேராசிரியர் காமிராவைப் பார்த்துப் பேசினார். “இரைப்பையும் உணவுக்குழாயும் சேர்ற இடத்துல உட்கார்ந்திருக்கு. ரொம்ப அபூர்வமான கோணம். இதை வீணடிக்கப்படாது. முதல்ல கீமோ. அப்புறம், நம்ம வெள்ளிவிழா மாநாட்டுல நேரடி அறுவை சிகிச்சை!”

பின்னால் நின்றவர்கள் மெல்லக் கைதட்டினார்கள். அண்ணாச்சிக்குப் புரியவில்லை. மஹதி பிறகு வந்து விளக்கினாள். மாநாடு தி.நகரில் ஒரு ஹோட்டலில் நடக்கும். அறுவை சிகிச்சை இங்கே தியேட்டரில் நடக்கும். அதை அங்கே பெரிய திரையில் நானூறு டாக்டர்கள் பார்ப்பார்கள்.

“டிக்கெட் உண்டா?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

“இல்ல ஆன்ட்டி. பதிவுக் கட்டணம்.”

அமிர்தகலாவில் நோயாளிகள் இரண்டு வகை என்பது அண்ணாச்சிக்குப் போகப்போகத் தெரிந்தது. சுவாரஸ்யமான கேஸ், சாதாரண கேஸ். சுவாரஸ்யமானவர்களுக்கு ஏ.சி. வார்டு, தினமும் புகைப்படம். பேராசிரியரைத் தவிர வேறு யாரும் அவர்களைத் தொடக் கூடாது. சாதாரணமானவர்களை மஹதி போன்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கீமோ ஏற்றிக்கொள்ள அண்ணாச்சி போகும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் நொச்சிக்குப்பத்துத் தேசப்பன் உட்கார்ந்திருப்பார். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகுவரை ஓட்டியவர். பெருங்குடலில் கட்டி. ஆனால் பாவம், அது மிகச் சாதாரணமான கட்டி. எல்லோருக்கும் வரும் இடத்தில், எல்லோருக்கும் வருவது போலவே வந்திருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று பேராசிரியர் கைவிட்டுவிட்டதால், மஹதி ஒரு திங்கட்கிழமை காலை அதைச் சத்தமில்லாமல் அறுத்து எடுத்து, தைத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

தையல் பிரிக்க வந்த தேசப்பன் அண்ணாச்சியைப் பார்த்துத் திகைத்தார். “இன்னா அண்ணாச்சி, உனுக்கு இன்னும் ஆவலியா? நா அறுத்துக்கினு போயி மீன் கொயம்பே துன்ட்டேன்!”

“எனக்கு மாநாட்டுல வச்சிருக்காங்க,” என்றார் அண்ணாச்சி, குரலில் கொஞ்சம் கௌரவத்தோடு.

“மாநாடா? கட்சியா நைனா?”

“கட்சி இல்ல. இரைப்ப.”

தேசப்பன் ஒரு நிமிடம் யோசித்தார். “நம்ம கொடலுக்கு அந்த யோகம் இல்ல,” என்று சொல்லிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. அண்ணாச்சியின் இரைப்பை வண்ணத்தில் அட்டைப்படமாகப் போட்டிருந்தது. உள்ளே விவரம்: முதல் கீறல், பேராசிரியர் ஜெயராம். கட்டியை விடுவித்தல், வெளிநாட்டுச் சிறப்பு விருந்தினர். கட்டியை வெளியே எடுத்து அவைக்குக் காட்டுதல், பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர்.

தங்கபுஷ்பம் முன்னும் பின்னும் புரட்டினாள். “கீறதுக்கு ஆள் போட்டிருக்காவ. காட்டுறதுக்கு ஆள் போட்டிருக்காவ. தைக்கிறதுக்கு யாரு?”

“அது டீ பிரேக் நேரம் ஆன்ட்டி,” என்றாள் மஹதி தரையைப் பார்த்தபடி. “நான் தைச்சுடுவேன்.”

மஹதி இன்னொன்றும் சொன்னாள். கீமோ முடிந்து ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிட வேண்டும். அதுதான் நல்ல நேரம். தள்ளிப்போட்டால், அடங்கியிருக்கும் கட்டி மறுபடி தலைதூக்கலாம். அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டார். மாநாட்டுத் தேதி அந்தக் கெடுவுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. இவ்வளவு படித்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தார். தங்கபுஷ்பம் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவர் முடிவு செய்ததை அவள் உடனே எதிர்க்க மாட்டாள். நாலு நாள் கழித்து, சோறு போடும்போது எதிர்ப்பாள்.

அதற்குள் அண்ணாச்சியின் இரைப்பையைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்துவிட்டது. மஹதி போனில் காட்டினாள். அவள்தான் எழுதியது. ஆனால் ஆசிரியர் வரிசையில் முதலில் பேராசிரியர். இரண்டாவது அவர் மனைவி, தோல் மருத்துவர். மூன்றாவது மருமகன், கண் மருத்துவர். நாலாவது மகன் அச்யுத். மருத்துவக் கல்லூரியில் இரண்டாமாண்டு. கடைசியில், மஹதி.

“கண்ணு டாக்டர் எதுக்கும்மா?” என்றார் அண்ணாச்சி.

“ஸ்கேனைப் பார்த்தாராம், அங்கிள்.”

“இதுல எம் பேரு எங்க இருக்கு?”

“இதோ. ‘ஐம்பத்தெட்டு வயது ஆண்.’”

“ரெண்டு வயசக் கூட்டிப் போட்டுட்டாங்களே!” என்று பதறினாள் தங்கபுஷ்பம். நோய் வந்ததற்குக்கூட அவள் அவ்வளவு பதறவில்லை.

கீமோ முடிந்தது. முடி போனது, நாக்கின் ருசி போனது. ரவிக்கைத் துணி எடுத்து உதறினால் கை நடுங்கியது. ஆனால் புது ஸ்கேன் வந்த அன்று மஹதி வார்டுக்குள் ஏறக்குறைய ஓடியே வந்தாள்.

“அங்கிள், பாதிக்கு மேல சுருங்கிடுச்சு! இப்ப எடுத்தா சுத்தமா எடுத்துடலாம். எவ்வளவு நல்ல நியூஸ் தெரியுமா!”

தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவர் கன்னத்தை எல்லோர் எதிரிலும் ஒரு கிள்ளு கிள்ளினாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சிக்கு வெட்கம் தாங்கவில்லை.

அப்போது பேராசிரியரின் புறப்பாடு வந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கினார். நெடுநேரம் பார்த்தார். முகம் வாடியது.

“என்ன இது?” என்றார்.

“ரெஸ்பான்ஸ் சார்,” என்றாள் மஹதி. “எக்ஸலன்ட் ரெஸ்பான்ஸ்.”

“யாரைக் கேட்டு இவ்வளவு ரெஸ்பான்ஸ்?”

காமிராக்காரர் காமிராவைத் தாழ்த்தினார்.

“அட்டைப்படத்துல இருந்த கோணமே போயிடுத்தே! இதுல நான் என்னத்தைக் காட்டுவேன்? எந்த ஊர் ஹவுஸ் சர்ஜனும் எடுத்துடுவான் இதை.” அவர் படத்தை மஹதியிடம் நீட்டினார், கெட்டுப்போன பாலைத் திருப்பிக் கொடுப்பவரைப் போல. “சாதாரணமாப் போச்சு.”

அண்ணாச்சிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க சார்,” என்றார். “நான் ஒண்ணும் செய்யல. மாத்திரைய நேரத்துக்குப் போட்டேன், அவ்வளவுதான்.”

சாதாரண கேஸ் ஆகிவிட்டதால் இனி மஹதியே அறுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தங்கபுஷ்பம் வெறும் வயிற்றோடு எப்போது கூட்டிவர வேண்டும் என்றுகூடக் கேட்டுவிட்டாள். ஆனால் மறுநாளே ஆய்வு ஒருங்கிணைப்பாளர் மாளவிகா ஒரு பூங்கொத்தோடு வந்தாள். இரவோடு இரவாகப் பேராசிரியருக்கு வேறொரு வழி தோன்றிவிட்டதாம். நேரடி அறுவைக்குப் பதிலாக, மாநாட்டு மேடையில் அண்ணாச்சி ‘வெற்றிக் கதை’யாக நிற்பார். மையத்தின் சிகிச்சைமுறைக்கு உயிருள்ள சாட்சி. பொன்னாடை உண்டு.

“சந்தோஷம்மா,” என்றாள் தங்கபுஷ்பம். “ஆபரேஷன முடிச்சிட்டு வந்து நிப்பாரு.”

“அது முடியாதே மேடம். மூக்குல ட்யூப், வயித்துல ட்யூபோட மேடையில நிறுத்தினா நல்லா இருக்காது. மாநாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்.”

“அப்புறம்னா?”

“சார் அவார்டு வாங்க ஐரோப்பா போறார். வந்ததும் பார்க்கலாம்.”

தங்கபுஷ்பம் இயக்குநர் அறைக்கே போனாள். அண்ணாச்சி பின்னாலேயே போனார், தடுப்பதா துணை நிற்பதா என்று தெரியாமல். மஹதி ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது. “நாளைக்கே நான் பண்ணிடறேன் சார்” என்று அவள் கேட்டதும், “உன் சர்டிபிகேட் எந்த டிராயரில் இருக்கிறது தெரியுமா?” என்று அவர் கேட்டதும் பிறகுதான் இவர்களுக்குத் தெரியவந்தது.

பேராசிரியர் கோபப்படவில்லை. நோயாளிகளிடம் அவர் கோபப்பட்டதே இல்லை. அவர்களிடம் பேசியதே குறைவு.

“உட்காருங்கோம்மா. நீங்க உணர்ச்சிவசப்படப்படாது. ஒரு நோயாளி வருவார், போவார். தரவு நிலைச்சு நிற்கும். உங்க ஆத்துக்காரர் இப்ப வெறும் ஆள் இல்லை, எங்க ஆய்வுல ஒரு எண். எவ்வளவு பேருக்குக் கிடைக்கும்? நானே கத்தியைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. ஆனா பேனாவை ஒரு நாள் கீழே வெச்சதில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன். கத்தியோட இருந்தவன் எல்லாம் இன்னும் தியேட்டர்லயே நின்னுண்டிருக்கான்.”

“கட்டி மறுபடி வளந்துட்டா சார்?” என்றார் அண்ணாச்சி மெதுவாக.

பேராசிரியரின் கண்ணில் பழைய வெளிச்சம் ஒரு கணம் வந்து போனது. “வளர்ந்தா,” என்றார், “மறுபடி சுவாரஸ்யமாயிடும்.”

அன்று இரவு சோறு போடும்போது தங்கபுஷ்பம் பேசவில்லை. எதிர்ப்பதைவிட அது மோசம் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். ரசத்தைக் கரைத்துக்கொண்டே, “இவ்வளவு நாள் அவங்க கைல பார்த்துட்டோம். மாநாடு முடியட்டும் புஷ்பம்,” என்றார். அவள், “நீங்க வேணும்னா வெற்றிக் கதையா இருந்துக்கோங்க. எனக்குப் புருஷன் வேணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போனாள்.

மாநாட்டின் தலைப்பு ‘நோயாளியே மையம்’. வாசலில் எல்லோருக்கும் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். தலைவருக்குச் சிவப்பு, பேச்சாளருக்கு நீலம், கேட்பவருக்குப் பச்சை. நோயாளிக்கு என்று ஒரு நிறம் யோசிக்கவே இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த மஞ்சள் அட்டையை அண்ணாச்சிக்கு மாட்டினார்கள். அது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கானது. அதனால் வருகிற டாக்டரெல்லாம் அவரைத் தோளில் தட்டினார்கள். ஒருவர் சாப்பாட்டுக் கூப்பன் கேட்டார். இன்னொருவர் தனியாக அழைத்துப் போய், “பாங்காக் டூர் என்னாச்சு? போன தடவை வேற கம்பெனிக்காரன் சொன்ன மாதிரியே பண்ணினான்,” என்று வருத்தப்பட்டார். அண்ணாச்சி இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

குத்துவிளக்கு ஏற்றுவதில் முன்னாள் துணைவேந்தருக்கும் இந்நாள் துணைவேந்தருக்கும் மெழுகுவத்தி யார் பிடிப்பது என்று சிறிது நேரம் போனது. நேரடி அறுவைக்கு வேறு சுவாரஸ்யமான இரைப்பை கிடைக்காததால் போன வருடத்துப் படத்தையே திரையில் ஓட்டினார்கள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. படத்தில் தன்னையே பார்த்த ஒரு மயக்க மருந்து டாக்டர் மட்டும் கொஞ்சம் குழம்பினார்.

பேராசிரியர் பேசினார். “முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் இரைப்பைப் புற்றுநோய் பற்றி எழுத ஆளில்லை. இன்றைக்கு எழுதாத ஆளில்லை. இதற்குப் பெயர்தான் முன்னேற்றம். நான் இந்தத் துறைக்கு வந்தபோது என்னிடம் நோயாளிகள் மட்டுமே இருந்தார்கள். இன்று, நண்பர்களே, என்னிடம் கட்டுரைகள் இருக்கின்றன!”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மகன் அச்யுத் ஒலிபெருக்கியைப் பிடித்தான். “இப்போது, நம் வெற்றிக் கதை!”

அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களை மாளவிகா முந்தைய நாளே பழக்கியிருந்தாள். நான் நலமாக இருக்கிறேன். பேராசிரியருக்கு நன்றி. மையத்துக்கு நன்றி. பின்னிரண்டும் அவருக்குச் சுலபமாக வந்தன. முதலாவதுதான் வரவில்லை.

“நான் நல…” என்றார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. “நான் வந்து… நல…”

தங்கபுஷ்பம் மேடையேறி ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து வாங்கினாள். பட்டுப்புடவை, மேட்சிங் ரவிக்கை.

“எல்லாருக்கும் வணக்கம் ஐயா. இவரு வயித்துல இருந்த கட்டி இன்னும் வயித்துலதான் இருக்கு. சுருங்கியிருக்கு, இப்ப எடுத்துடலாம்னு சொன்னாவ. எடுக்கல. நாளு ஓடிக்கிட்டே இருக்கு. இங்க இத்தன டாக்டர் உக்காந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வாரம் உங்கள்ல யாருக்காவது கை ஒழியுமா?”

முன்வரிசைக்காரர்கள் நிகழ்ச்சி நிரலைப் புரட்டி, இந்தக் கேள்வி எந்த அமர்வில் வருகிறது என்று தேடினார்கள். அமர்வுத் தலைவர் நேரம் முடிந்ததற்கான மணியை அடித்தார்.

கடைசி வரிசையில், கதவை ஒட்டி, கையில் பாதி கடித்த கட்லெட்டோடு ஒருவர் எழுந்தார். அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை நிபுணர் வைரவன். மருத்துவர் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான வருகைப் புள்ளிக்காக வந்தவர்.

“வியாழக்கிழமை என் டேபிள்ல இடம் இருக்கும்மா,” என்றார். “நாளைக்கே வந்து அட்மிட் ஆயிடுங்க. ஒரு தடவை ரத்தம் பார்க்கணும்.”

பேராசிரியர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “யாருய்யா நீங்க? எத்தனை பேப்பர் போட்டிருக்கீங்க?”

“ஒண்ணு எழுதினேன் சார். உங்க பத்திரிகைக்குத்தான் அனுப்பினேன். புதுசா ஒண்ணும் இல்லைன்னு திருப்பிட்டீங்க.”

“எத்தன வயிறு எடுத்திருக்கீங்க?” என்றாள் தங்கபுஷ்பம்.

“எண்ணலம்மா. வாரம் ரெண்டு மூணு வரும்.”

“இது விதிமீறல்!” பேராசிரியரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “அந்த இரைப்பை எங்க ஆய்வுல பதிவானது! நடுவுல வெளியே கொண்டுபோக முடியாது!”

அண்ணாச்சி பொன்னாடையைக் கழற்றி, கடைப் பழக்கத்தில் நாலாக மடித்து, மேசைமேல் வைத்தார்.

“தரவ நீங்க வச்சுக்கோங்க சார்,” என்றார். “வயித்த நான் கொண்டு போறேன்.”

கூட்டம் கைதட்டியது. பாதிப் பேர் எதற்குத் தட்டினோம் என்று தெரியாமலே தட்டினார்கள். அடுத்தது மதியச் சாப்பாடு. லிப்ட் அருகில் மஹதி ஓடி வந்து ஸ்கேன் படங்களைத் தங்கபுஷ்பத்தின் கையில் திணித்தாள். சான்றிதழைப் பற்றித் தங்கபுஷ்பம் கேட்க வாயெடுத்தபோது, “அதை அவரே வெச்சுக்கட்டும் ஆன்ட்டி. சுவர்ல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு,” என்றாள்.

வியாழக்கிழமை அரசு மருத்துவமனையில் விளக்கேற்றவில்லை. பெஞ்சில் தங்கபுஷ்பத்தோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பூனை குறுக்கே போனது. அண்ணாச்சியை உள்ளே கொண்டுபோய் நெடுநேரம் ஆகியிருந்தபோது அவள் போன் அடித்தது. மாளவிகா.

“மேடம், உங்க ஹஸ்பண்டோட ஸ்டேட்டஸ் வேணும். நல்லபடியா முடிஞ்சா எங்க கீமோவோட வெற்றின்னு போடணும். வேற மாதிரி ஆச்சுன்னா, பாதியில வெளியேறினவர்னு போடணும். ரெண்டுல எதுன்னு சொன்னாப் போதும். சார் நாளைக்கு ஃப்ளைட் ஏறறார்.”

தங்கபுஷ்பம் மூடிய கதவைப் பார்த்தாள். “கதவு இன்னும் தொறக்கலம்மா,” என்றாள். “தொறந்தா சொல்ல வேண்டிய ஆளுக நெறைய இருக்காவ. அதுல நீங்க இல்ல.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் இருந்த, யாரென்று தெரியாத ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் யாரோ உள்ளே இருந்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு வைரவன் வந்தார். முகமூடியைக் கீழே இழுத்து, “முழுசா எடுத்தாச்சும்மா. இனிமே சின்னச் சின்ன வாயாச் சாப்பிடணும்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேஸின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவள் நன்றி சொல்லக்கூட அவகாசம் தரவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சிக்கு நன்றாக விழிப்பு வந்தது. மூக்கில் குழாய். வயிற்றில் கட்டு. சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காற்றாகப் போன குரலில் கேட்டார்.

“எத்தன பேரு பாத்தாங்க புஷ்பம்?”

தங்கபுஷ்பம் அவர் நெற்றியை ஈரத் துணியால் துடைத்தாள்.

“ஒருத்தரும் பாக்கல. நான் மட்டும் வெளிய உக்காந்து கதவப் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.